ஏழு வெள்ளைக் கூழாங்கல்

ஊர் மேய்ச்சல் காட்டில் பாதி தனக்குத்தான் என்று மனுப் போட்டுவிட்டார் பண்ணையார் மார்த்தாண்டம். எதிர்த்து வாய் திறந்தது ஆடு மேய்க்கிற வெள்ளத்தாயி ஒருத்திதான்.

"அப்படியா? நாளைக்கு சர்வேயர் வர்றதுக்குள்ள பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடி! இல்லேன்னா உன் ஆடு ஒண்ணுகூட உள்ளே வரக்கூடாது!" என்று உறுமினார் பண்ணையார்.

அவள் நாளெல்லாம் முள்ளை விலக்கித் தேடினாள். கிடைத்ததோ ரெண்டு கல்! ஓடைக்கரைக் கல் அசலானால் காடு ஊருக்கு. ஊர்ப்பக்கக் கல் அசலானால் பாதி பண்ணையாருக்கு.

நேரே பண்ணையார் வீட்டுக்குப் போனாள். "அய்யா, அசல் கல்லுக்கு அடியில ஏழு வெள்ளைக் கூழாங்கல்லு புதைச்சிருப்பாங்களாம். நாளைக்குத் தோண்டினா தெரிஞ்சிரும்."

மறுநாள் ஊரே காட்டுக்குள் திரண்டது. சர்வேயர் வந்ததும் பண்ணையார் முந்திக்கொண்டார். "ஊர்ப்பக்கக் கல்லைத் தோண்டுங்க சார்! அடியில ஏழு வெள்ளைக் கூழாங்கல்லு இருக்கும். எங்க பாட்டன் கையால போட்டது!"

தோண்டினார்கள். ஒன்று, ரெண்டு, மூன்று... ஏழேதான்! பண்ணையார் மீசையை முறுக்கினார்.

"அந்த ஓடைக்கரைக் கல்லையும் தோண்டிருங்க சார்" என்றாள் வெள்ளத்தாயி.

அதற்கடியில் கூடை நிறைய அடுப்புக்கரி!

"இதுதான் அசல்!" என்று துள்ளினார் சர்வேயர். "மண்ணுல மக்காதுன்னு அந்தக் காலத்துல கரியைத்தான் போடுவாங்க."

"அப்போ கூழாங்கல்லு?" என்றது கூட்டம்.

"அது நேத்து நானா கட்டின கதை" என்றாள் வெள்ளத்தாயி. "பண்ணையார்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."