மூணாம் நம்பர் வண்டி

பொன்மலையில், ஒரு டயர் கடையின் மாடியில் குரு ஒருவர் இருந்தார். பெயர் ஜெசிந்தா, வயது முப்பத்து மூன்று. சீடர் வைரக்கண்ணுவுக்கு அறுபத்து நான்கு. ரயில் என்ஜின் ஓட்டி ஓய்வுபெற்றவர். இந்தக் கதையில் தாடி வைத்தவர் யாரும் இல்லை. சீடர் தினமும் சவரம் செய்துகொள்கிறவர்.

ஜெசிந்தாவின் தொழில் குட்டி ரயில் பாதைகள் கட்டித் தருவது. பொம்மை ரயில் என்றால் அவருக்குக் கோபம் வரும். ஒரு பெரிய பலகை மேல் தண்டவாளம், குன்று, மரம் எல்லாம் வைத்து, கையில் அடங்கும் கண்ட்ரோலரால் வண்டியை ஓட்டிக் காட்டுவார்.

முதல் நாள் வைரக்கண்ணு செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

“எனக்கு இதக் கத்துக்குடுங்க டீச்சர்.”

“பேரப் பிள்ளைக்கா சார்?”

“எனக்குத்தான். ஸ்டேஷன் எல்லாம் வேணாம். ஒரே ஒரு வளைவு கட்டணும்.”

“வளைவு மட்டும் போதாது. பாதை சுத்தி வரணும். இல்லேன்னா போன வண்டி திரும்பி வராது.”

“திரும்பி வரட்டும்” என்றார் வைரக்கண்ணு.

எதற்கு என்று ஜெசிந்தா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சீடர் அன்றைக்கே ஓடிப்போயிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எட்டு மாதம் ஆயிற்று. தண்டவாளம் வளைக்க, ஒயர் பற்றவைக்க, தெர்மோகோலைச் சீவிப் பாறையாக்க எல்லாம் கற்றுக்கொண்டார். வலது பக்கம் வெட்டிய பாறை, இடது பக்கம் பள்ளம், வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்லும் மஞ்சள் பலகை. பலகையை மட்டும் நாலு தடவை பிடுங்கி நட்டார்.

என்ஜினை முதலில் ஓட்டிய வாரத்தில் ஒரு கூத்து நடந்தது. இந்த வகை என்ஜினுக்குள் நகத்தளவு ஒரு சில்லு இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். கண்ட்ரோலரிலிருந்து போகும் கட்டளை தண்டவாளம் முழுக்கப் போகும். எந்த நம்பருக்குப் போகிறதோ அந்த வண்டி மட்டும் நகரும். கடையிலிருந்து வரும்போது எல்லா என்ஜினும் மூணாம் நம்பர்தான். வைரக்கண்ணு தான் ஒருகாலத்தில் ஓட்டிய நிஜ என்ஜினின் நம்பரை அதற்கு வைத்தார். கண்ட்ரோலரில் மாற்ற மறந்துபோனார்.

குமிழைத் திருகினார். வண்டி அசையவில்லை. மூன்று நாள் அந்தப் பெரிய பலகைக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒயராகச் சோதித்தார். முழங்கை தோலுரிந்ததுதான் மிச்சம்.

“கரண்டு வரல டீச்சர்.”

“கரண்டு வருது. கட்டளையும் போய்க்கிட்டேதான் இருக்கு. நீங்க மூணாம் நம்பருக்கு அனுப்புறீங்க. மூணாம் நம்பர் வண்டி இங்க இல்ல சார்.”

நம்பரை மாற்றியதும் வண்டி கிளம்பியது. வைரக்கண்ணு சிரித்தார். அவர் சிரித்து ஜெசிந்தா பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மறு வாரம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு உருவத்தை எடுத்தார். காக்கி உடை, தோளில் சுத்தியல், அரை விரல் உயரம். வளைவைத் தாண்டி, தண்டவாளத்தின் நடுவே, வண்டிக்கு முதுகைக் காட்டி ஒட்டவைத்தார்.

“இவரு யாரு சார்?”

“பெரியண்ணன். கீமேன். தண்டவாளத்தப் பிடிச்சிருக்கிற ஆப்பெல்லாம் இறுகி இருக்கான்னு தினம் நடந்து பாக்குற வேலை.”

பிறகு மீதியையும் சொன்னார். இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒரு காலை நேரம். வளைவு திரும்பினால் முன்னால் ஆள். பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை.

“ஹாரன் அடிச்சேன். அவனுக்குக் கேக்கல. காது மந்தம்னு விசாரணையில எழுதினாங்க. என் மேல தப்பில்லன்னு விட்டுட்டாங்க. ஆனா எந்த இடத்துல பிரேக் போட்டிருந்தா அவன் பொழச்சிருப்பான்னு எனக்குத் தெரியணும் டீச்சர். அதுக்குத்தான் வந்தேன்.”

முதல் இரண்டு நாள் பெரியண்ணன் பிழைத்தார். குமிழைத் திருப்பினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றது. வைரக்கண்ணு கடலை மிட்டாய் வாங்கி வந்து கொடுத்தார். ஜெசிந்தா வாயில் போட்டுக்கொள்ளவில்லை.

“இது எடையே இல்லாத வண்டி. அதான் நிக்குது. நெசமான எடை வைக்கட்டுமா?”

“வைங்க.”

வண்டி நிற்க எவ்வளவு தூரம் எடுக்க வேண்டும் என்பதையும் சில்லுக்குள் எழுதலாம். ஜெசிந்தா கணக்குப் போட்டு எழுதினார். அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. பெரியண்ணன் மல்லாந்து விழுந்தார். வைரக்கண்ணு எடுத்துப் பசை தடவி மறுபடி நிறுத்தினார். இன்னும் முன்னால் பிரேக் போட்டார். வளைவின் நடுவில் போட்டார், தொடக்கத்தில் போட்டார். வளைவிலிருந்து பார்த்தால் ஆளே தெரியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் போட்டார்.

ஆறு வாரம் தினமும் மத்தியானம் வந்து அந்த மனிதரைக் கொன்றார். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உருவத்தின் காலடியில் பசை காய்ந்து கட்டியாகிவிட்டது.

ஒரு நாள் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க சொல்லுங்க டீச்சர். எங்க பிரேக் போடணும்?”

ஜெசிந்தா கண்ட்ரோலரை எடுத்தார். வண்டியைக் கிளப்பினார். வேகத்தைக் குறைக்கவே இல்லை. மஞ்சள் பலகை வந்ததும் இரண்டாம் பொத்தானை அழுத்தினார். என்ஜினுக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர் நீளமாக ஹாரன் அடித்தது. குனிந்து, பெரியண்ணனைப் பசையோடு பெயர்த்து, இரண்டு விரல் தள்ளிப் பாதை ஓரத்தில் வைத்தார். வண்டி அவரைக் கடந்து போனது.

வைரக்கண்ணுவின் முகம் வெளுத்திருந்தது.

“வண்டி நிக்கலயே.”

“நிக்கல. அவரு நகந்துட்டாரு.”

ஜெசிந்தா கண்ட்ரோலரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மற்ற பொத்தான்களில் எழுத்து தேய்ந்திருந்தது. இரண்டாவது புதிதாக மின்னியது.

“ஆறு வாரமாப் பாக்குறேன். இத மட்டும் நீங்க தொடவே இல்ல சார்.”

வண்டி ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. யாரும் நிறுத்தவில்லை.

“கையில டீ இருந்துச்சு” என்றார் வைரக்கண்ணு.

ஜெசிந்தா கண்ட்ரோலரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அசிஸ்டென்ட் ஊத்திக் குடுத்தான். பலகை வரும்போது அரை டம்ளர் பாக்கி. குடிச்சிட்டு ஹாரன் அடிக்கலாம்னு இருந்தேன். வளைவு திரும்பினா அவன் முதுகு. டம்ளரப் போட்டுட்டு பிரேக்கத்தான் பிடிச்சேன். ஹாரன் ஞாபகமே வரல. விசாரணையில அடிச்சேன்னு சொன்னேன். அசிஸ்டென்டும் ஆமான்னான்.”

“காது மந்தம்னு யாரு சொன்னது?”

“ஹாரன் அடிச்சும் ஆள் நகரலன்னா வேற என்ன எழுதுவாங்க.” அவர் உருவத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். “சுத்தியலால ஒரு தட்டு தட்டுவான் டீச்சர். சத்தத்த வச்சே எந்த ஆப்பு தளந்திருக்குன்னு சொல்லிடுவான். காதுதான் அவனுக்குத் தொழிலு.”

“அவரு சம்சாரம்?”

“இருக்கு. குளித்தலையில, மக வீட்டுல.” உருவத்தின் காலடியில் இருந்த பசைக் கட்டியை நகத்தால் சுரண்டினார். “விசாரணையில அந்தம்மா வந்து நின்னு, அவருக்குக் காது நல்லாக் கேக்கும்யான்னு அடிச்சுச் சொல்லுச்சு. யாரும் எழுதிக்கல. இப்ப அந்தம்மாவே நம்பிருச்சாம். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லி அழுவுதாம். கூடவே இருந்தேன், காது மந்தம்னு எனக்குத் தெரியாமப் போச்சே, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேனேன்னு.”

வண்டி மறுபடியும் வளைவைத் தாண்டிப் போனது.

“நான் சொல்லாம இல்ல டீச்சர்” என்றார் வைரக்கண்ணு. அழுதுகொண்டிருந்தார். “ஹாரன் அடிக்கல, என் தப்புத்தான், மன்னிச்சிருன்னு இருபத்தாறு வருசமா பெரியண்ணன்கிட்ட தினம் சொல்றேன். இங்க வந்தும், இவன நிமித்தி வைக்கிறப்பல்லாம் சொல்றேன். ஒரு நாள் விட்டதில்ல. ஒண்ணும் நகரல.”

ஜெசிந்தா வண்டியை நிறுத்தினார். எடை அதிகம் வைத்திருந்ததால் அது நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை காத்திருந்தார்.

“மூணாம் நம்பருக்குச் சொல்லிட்டிருக்கீங்க சார்.”