மணல்திட்டில் இறங்கிய புலவர்

சற்று நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். வெகுகாலத்துக்கு முன்னால், வேங்கைமான் என்றொரு குறுநில மன்னன் கடலோர நாடு ஒன்றை ஆண்டுவந்தான். எந்த நூற்றாண்டு என்று கேட்காதீர்கள். விளக்க எனக்கு ஆசைதான். ஆனால் விளக்கி முடிப்பதற்குள் கதையில் வரும் மீன் கெட்டுவிடும்.

அந்த நாட்டில் ஆறு கடலோடு சேரும் கழிமுகத்தில் பரதவர்கள் மீன்பிடித்து வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் அரண்மனைக்கும் பழைய உடன்பாடு ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் பங்குனிப் பௌர்ணமியன்று, பொழுது சாய்வதற்குள், ஒரு கை நீளமுள்ள கொடுவா மீன் அரண்மனை அடுக்களைக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தால் கழிமுகம் பரதவருடையது. சேராவிட்டால் அதை அடைத்து உப்பளம் ஆக்கிவிடுவார்கள்.

கொடுவாவைத் தேடிப் பிடிப்பது திரையன் என்பவனின் பொறுப்பு. அவன் ஒரு வருடமும் தவறியதில்லை.

அந்த ஆண்டு அரசனுக்கு ஒரு நல்லெண்ணம் தோன்றியது. அரசர்களின் நல்லெண்ணம் எப்போதும் கொஞ்சம் ஆபத்தானது. மீன்களைப் பற்றி நானூறு ஏடுகளில் நூல் எழுதிய பூதங்கிழார் என்ற புலவரை, திரையனுக்கு உதவியாக அனுப்பிவைத்தான். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். படகில் ஏறிய விருந்தாளியை மறுத்து ஒரு வார்த்தை பேசினாலும் படகு கவிழ்ந்துவிடும் என்று அந்தப் பரதவர்கள் நம்பினார்கள். அதனால் விருந்தாளி கடல் தண்ணீர் இனிக்கும் என்றாலும் ஆமாம் போடுவார்கள்.

முதல் நாள் பூதங்கிழார் படகில் ஏறி, ஏட்டைப் பிரித்தார். பெரிய மீன் ஆழத்தில்தான் இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. எழுதியவர் அவரே. கரை மறையும் தூரத்துக்குப் போகச் சொன்னார். திரையன் வாயைத் திறந்தான், மூடினான். “ஆகட்டும் ஐயா” என்றான். அன்று ஒரு கெளுத்தி கிடைத்தது. அதுவும் புலவரின் விரலில் குத்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

இரண்டாம் நாள் வேறோர் ஏடு. கழிக்குள் ஏற்றம் முடிந்து, நீர் நிறைந்து, அசையாமல் நிற்கும்போது தூண்டில் போட வேண்டும். நெய்யில் பொரித்த அப்பம்தான் சிறந்த இரை. திரையன் வாயைத் திறந்தான், மூடினான். “ஆகட்டும் ஐயா” என்றான். அப்பத்தில் பாதியை ஒரு நண்டு தின்றது. மீதியை யார் தின்றார் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அவரும் நூலாசிரியர், எங்களுக்குள் ஒரு மரியாதை உண்டு.

அன்று மாலை திரையனின் மனைவி அலரி வலையைத் தைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

“உமக்கு வாயில் நங்கூரமா போட்டிருக்கிறது? நாளைக்கு மீன் இல்லையென்றால் ஊரே உப்பு வார வேண்டியதுதான்.”

“மறுத்துப் பேசினால் படகு கவிழும், அலரி. அந்த மனிதருக்கு நீந்தத் தெரியுமோ என்னவோ.”

“படகில் பேசினால்தானே கவிழும்? மணல்திட்டு கவிழுமா?”

திரையன் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் பௌர்ணமி. பூதங்கிழார் வழக்கம்போல் ஏட்டைப் பிரித்தார். கொடுவா அதிகாலையில் மட்டுமே உண்ணும், பொழுது ஏறிவிட்டது, ஆகவே இனி அரசனிடம் போய் மன்னிப்புக் கேட்பதே முறை என்றார். திரையன் கழியின் நடுவில் இருந்த மணல்திட்டுக்குப் படகைத் தள்ளினான். கால் மரத்துப்போயிருக்கும், சற்று இறங்கி நில்லுங்கள் என்றான். புலவர் இறங்கினார். ஏட்டுக்கட்டு படகிலேயே இருந்தது.

“ஆகாது ஐயா” என்றான் திரையன்.

இரண்டு நாள் அடக்கிவைத்த பேச்சு அத்தனையும் வந்தது. கொடுவா இரையைத் தேடி அலையாது, இரை தன்னிடம் வரும் இடத்தில் காத்திருக்கும். இப்போது நீர் வற்றத் தொடங்குகிறது. வாய்க்காலில் மேய்ந்த மடவை மீன்குஞ்சுகளை நீரோட்டம் வெளியே இழுத்துவரும். அதோ, விழுந்து கிடக்கும் புன்னை மரத்தின் நிழலில் கொடுவா தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து நிற்கும். உயிருள்ள மடவையைத்தான் விழுங்கும், அப்பத்தைத் திரும்பியும் பார்க்காது.

பூதங்கிழாருக்கு முகம் சிவந்தது. பிறகு அது தானே தணிந்தது. அவர் உண்மையிலேயே மீன்களை நேசித்தவர்.

“இதை ஏனப்பா நேற்றே சொல்லவில்லை?”

“நேற்று நீங்கள் படகில் இருந்தீர்கள், ஐயா.”

புலவர் மணலில் உட்கார்ந்து, அந்த மரத்தையே பார்த்தார். நிழலில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஒரு மடவை இல்லாமல் போயிற்று.

திரையன் உயிர் மடவையைத் தூண்டிலில் கோத்து, ஓட்டத்தில் மிதக்கவிட்டான். இழுப்பு வந்தது. கொடுவா நீரைக் கிழித்து எழும்பித் தலையை உதறியது. அடுத்த கணம் புன்னை மரத்தைச் சுற்றி ஓடிக் கயிற்றைக் கிளையில் மாட்டிவிட்டது. கயிற்றை விட்டால் மீன் போய்விடும், இழுத்தால் கயிறு அறுந்துவிடும். திரையனால் நகர முடியவில்லை.

நானூறு ஏடு எழுதியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார். நீந்தத் தெரியாது என்பது குதித்த பிறகுதான் அவருக்கே நினைவுக்கு வந்தது. நல்லவேளை, தண்ணீர் கழுத்தளவுதான். கிளையிலிருந்து கயிற்றை விடுவித்துவிட்டு, பாசியும் சேறுமாக அவர் திரும்பியபோது, கொடுவா மணலில் கிடந்தது. அது ஒரு கையைவிட நாலு விரல் நீளம்.

பொழுது சாய்வதற்குள் மீன் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தது. கழிமுகம் பரதவரிடமே நின்றது. எந்த ஏட்டின்படி பிடித்தீர்கள் என்று அரசன் ஆவலாகக் கேட்டான்.

“அரசே, ஏடு படகில் இருந்தது. நான் மணலில் நின்றேன்” என்றார் பூதங்கிழார்.

அவர் தம் நூலில் மூன்று ஏடுகளைக் கிழித்து, ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார். திரையன் சொன்னதையெல்லாம் அதில் எழுதினார். மணல்திட்டு கவிழுமா என்று அலரி கேட்டதை, திரையனிடம் கேட்டறிந்து, முதல் வரியாக வைத்தார். அன்றுமுதல் அந்தக் கழிமுகத்தில் எந்த விருந்தாளி படகேறினாலும், தூண்டில் போடுமுன் அவரை ஒருமுறை மணல்திட்டில் இறக்கி நிறுத்துவது பரதவரின் புதிய வழக்கமாயிற்று.

ஆகவே, பிள்ளைகளே, பெரியவர்களே, இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: எவ்வளவு கற்றவராக இருந்தாலும், அறிந்த இன்னொருவர் தயங்காமல் மறுத்துப் பேச இடம் கொடுப்பவரே அறிவுடையவர்.