இல்லாதவர் யார்?

அந்தக் காலத்து ராஜா ஒருவருக்கு, மழை தவறிய வருடத்தில், திடீரென்று தர்ம சிந்தனை வந்தது. களஞ்சியத்தைத் திறந்து, இல்லாதவர்களுக்கு நெல் கொடுக்கச் சொன்னார். யார் இல்லாதவர் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அவைப் புலவர் வச்சிரநாதருக்கு.

புலவர் பதம் பிரித்துப் பொருள் பார்க்கிறவர். இல்லாதவர் என்றால் எதுவுமே இல்லாதவர்தான் என்று முடிவுகட்டி, வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினார். ஒருவனிடம் கோவணம் இருந்தது. இன்னொருவனிடம் ஊன்றுகோல் இருந்தது. உச்சிவேளையாகியும் ஒரு மரக்கால் நெல்கூட வெளியே போகவில்லை.

அரண்மனை விகடன் சிலம்பன் கோட்டை வாசலுக்கு வந்தபோது, வெள்ளச்சி என்கிற பெண் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஏன் நெல் கிடைக்கவில்லை என்று விசாரித்தான்.

"நெல்லு வாங்கச் சட்டி கொண்டாந்தேன் சாமி. சட்டிதான் இருக்கே, நீ எப்படி இல்லாதவள்னு கேக்குறாரு."

சிலம்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே சபைக்குப் போய் முறையிட்டான். புலவருக்கு அவன்மேல் வெகுநாளாகப் புகைச்சல். அரசர் வாயால் வந்த சொல்லுக்கே இவன் திருத்தம் சொல்கிறான் என்று மூட்டிவிட்டார். ராஜாவின் முகம் சிவந்தது. பொழுது சாய்வதற்குள் இல்லாதவர் என்ற சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் ஆளைக் காட்ட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

சிலம்பன் களஞ்சியத்துக்குப் போய், ஆள் வைத்து நெல் மூட்டைகளைத் தூக்கிவந்து, ராஜாவின் காலடியிலேயே இறக்கினான்.

"இது என்ன?" என்றார் ராஜா.

"புலவர் சொன்ன பொருளின்படியே தேடினேன், பிரபு. வாசலில் நிற்பவர்களுக்குப் பசி இருக்கிறது, நோய் இருக்கிறது, கவலை இருக்கிறது. அவர்களெல்லாம் உள்ளவர்கள். தாங்களோ பசி இல்லாதவர், கவலை இல்லாதவர், தட்டிக்கேட்க ஆளும் இல்லாதவர். தங்களைவிட இல்லாதவர் இந்த நாட்டில் கிடையாது. தானத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும்."

வச்சிரநாதர் இலக்கணம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராஜா மூட்டைகளைப் பார்த்தார், புலவரைப் பார்த்தார், சிம்மாசனமே ஆடும்படி சிரிக்கத் தொடங்கினார்.

சிரிப்பு அடங்கியபின், இல்லாதவரை எப்படித்தான் அறிவது என்று கேட்டார்.

"இந்த வெயிலில் கையேந்தி நிற்கிறாரே, அவர்தான் பிரபு. அதற்கு அகராதி எதற்கு?"

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிச் சிலம்பன் கழுத்தில் போட்டார். நெல் அளக்கும் வேலையைப் புலவருக்கே கொடுத்தார், தலை தட்டாமல் குவித்து அளக்க வேண்டும் என்ற கட்டளையோடு. வாசலில் நின்ற கடைசி ஆள் போகும்வரை வச்சிரநாதர், நெல் தூசியில் தும்மித் தும்மி, அளந்துகொண்டே இருந்தார்.