பத்தடி நடந்து சம்பாதித்த நூற்றிருபது பொன்

நாணயத்தில் ராஜாவின் மூக்கு இன்னும் தேயாமல் புத்தம்புதிதாக இருந்த முன்னொரு காலத்தில், ஒரு பெரிய ஆற்றின் கரையில் வீரகேது என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று மனதில் தோன்றிவிட்டால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

அவர் சபையில் அம்பலத்தாடி என்றொரு விகடகவி இருந்தான். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். மாதம் எட்டுப் பொன் சம்பளம். வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை அவன் மனைவி செங்கமலம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். பெரும்பாலான மாதங்களில் அந்தப் பானையில் அரிசி மட்டும்தான் இருக்கும்.

அரசுக் கருவூலமான பண்டாரத்தின் தலைவர் கனகசபாபதிக்கு அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. அவர் சொல்லும் யோசனைகளுக்கு மன்னர் தலையாட்டுவார். அம்பலத்தாடியின் பேச்சுக்குச் சிரிப்பார். ராஜசபையில் தலையாட்டலைவிடச் சிரிப்புக்கு விலை அதிகம் என்பது கனகசபாபதிக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தை மாதம் ஓர் அயல்நாட்டுத் தூதர் வந்து விருந்துண்டு போனார். போகிறவர் சும்மா போகாமல், "மன்னரின் சிம்மாசனம் ஜொலிக்கிறது. சபையோரின் சால்வைகளில்தான் வெளிச்சம் உள்ளே புகுந்து வெளியே வருகிறது" என்று வாயிற்காவலனிடம் சொல்லிவிட்டுப் போனார். அது அன்றே மன்னரின் காதுக்கு வந்தது.

"அடுத்த ஆண்டு தைப் பௌர்ணமிக்கு மறுநாள் எனக்கு ஐம்பதாவது பிறந்தநாள்" என்று மன்னர் சபையில் முழங்கினார். "அன்று இங்கே ஒருவர் விடாமல் பட்டு உடுத்தி, கல் பதித்த கடுக்கன் அணிந்து நிற்க வேண்டும்!"

சபையோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கனகசபாபதி எழுந்து கைகூப்பினார்.

"மகாராஜா, கையில் பணமில்லாமல் இவர்கள் என்ன செய்வார்கள்? ஆளுக்கொரு செப்புத் தகடு கொடுப்போம். அதைக் காட்டி ஆயிரம் பொன்வரை பண்டாரத்தில் கடன் பெறலாம். அடுத்த தைப் பௌர்ணமிவரை வட்டியே கிடையாது. மாதாமாதம் பௌர்ணமியன்று பொழுது சாய்வதற்குள் பத்துப் பொன் தவணை கட்டினால் போதும். மீதி அசலைக் கடைசி நாளில் தீர்த்துவிடலாம்."

"தவணை தவறினால்?" என்று கேட்டான் அம்பலத்தாடி.

"தவறாதவர்களுக்கு அந்தக் கவலை எதற்கு?" என்று சிரித்தார் கனகசபாபதி.

கவலைப்பட வேண்டியது கடன் ஓலையின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தது. ஒரு தவணை ஒரு நாள் தவறினாலும், முழுக் கடனுக்கும் முதல் நாளிலிருந்து நூற்றுக்கு மாதம் ஐந்து பொன் வட்டி, வீடும் ஜப்தி. அதைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. தகடு வாங்க வரிசையில் முண்டியடித்தார்கள். அம்பலத்தாடி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"உனக்குத் தகடு வேண்டாமா?" என்று கேட்டார் மன்னர்.

"என் சால்வை எனக்குப் பிடித்திருக்கிறது, மகாராஜா. ஓட்டைகள் உள்பட."

மன்னரின் முகம் கறுத்தது. கனகசபாபதி அந்த நொடியைப் பிடித்துக்கொண்டார். "தங்கள் ஆணையையே கேலி செய்கிறான். இவ்வளவு கெட்டிக்காரன் பணம் செலவழிக்காமலே பட்டு உடுத்தி வரட்டுமே!"

மன்னருக்கு அது வேடிக்கையாகப் பட்டது. உடனே ஆணையும் பிறந்தது.

"அம்பலத்தாடி! என் பிறந்தநாளன்று நீ பட்டும் கடுக்கனுமாக வர வேண்டும். இன்று உன்னிடம் இருக்கும் பணத்திலோ, இனி வரும் சம்பளத்திலோ ஒரு காசு செலவாகக் கூடாது. பிறருடைய பணத்திலும் ஒரு காசு செலவாகக் கூடாது. தானமும் வாங்கக் கூடாது. முடியாவிட்டால் குடும்பத்தோடு ராஜ்ஜியத்தை விட்டுப் போய்விடு."

 அம்பலத்தாடி ஓட்டைச் சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செங்கமலம் முறத்தைக் கீழே வைத்தாள். "வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? எல்லாரும் தகடு வாங்கினா நாமளும் ஒண்ணு வாங்கித் தொலைக்கிறதுதானே! இந்த வீடு எங்கப்பா கட்டிக் கொடுத்தது. இதை விட்டுட்டு எந்த ஊருக்குப் போறது?"

 கால் போன போக்கில் நடந்தவன் பண்டாரத்து முற்றத்தில் போய் உட்கார்ந்தான்.

பண்டாரத்துக்கு இரண்டு ஜன்னல்கள். இடது ஜன்னலில் சபையோர் தகட்டைக் காட்டிக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வலது ஜன்னலில் ஊர் மக்கள் பொன்னைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்குப் பாலம் கட்ட மன்னர் பணம் திரட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பாலத்துக்கென்று ஓராண்டு வைப்பு வைப்பவருக்கு நூற்றுக்கு மாதம் ஒரு பொன் வட்டி. முதலில் யாரும் நம்பி வரவில்லை என்பதால், "இவ்வோலை பொன்னுக்குச் சமம், அரசு அதிகாரி எவரும் எக்காலும் இதை மறுக்கலாகாது" என்று வைப்பு ஓலையில் மன்னரே முத்திரை பதித்துக் கொடுத்திருந்தார்.

அம்பலத்தாடி இடது ஜன்னலைப் பார்த்தான். வலது ஜன்னலைப் பார்த்தான். நடுவில் இருந்த தூரத்தை அடி வைத்து அளந்தான். பத்தடி. மறுகணம் தகடு கேட்டு இடது ஜன்னலில் நின்றான்.

கனகசபாபதிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அடியில் இருந்த சின்ன எழுத்தை அம்பலத்தாடி விரல் வைத்து இரண்டு முறை படித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. ஆயிரம் பொன்னைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அம்பலத்தாடி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தான். வலது ஜன்னலில் இருந்த கணக்கர் நல்லதம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"ஆயிரம் பொன், பால வைப்பில் வையுங்கள்" என்றான். "மாதம் பத்துப் பொன் வட்டி வருமல்லவா? அதை என்னிடம் தர வேண்டாம். பௌர்ணமிதோறும் விடிந்ததும் நீங்களே பக்கத்து ஜன்னலில் என் கடன் தவணையாகக் கட்டிவிடுங்கள்."

"உங்க கைக்கே வர வேண்டாமா?"

"வந்தால் வழியில் பத்துக் கடை இருக்கிறது, ஐயா. நானும் மனிதன்தானே."

நல்லதம்பி சிரித்துக்கொண்டே அதையும் ஓலையில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அடுத்த சில மாதங்களில் சபை மெல்ல மினுங்கத் தொடங்கியது. சேனாதிபதி இரண்டு கையிலும் மோதிரம் போட்டார். அரண்மனை வைத்தியர் புதுப் பல்லக்கு வாங்கினார். கடன் பொன்னிலிருந்தே தவணையும் கட்டினார்கள். கடன் பொன் தீர்ந்ததும் ஒவ்வொருவராகத் தவறினார்கள். வீட்டுக் கதவுகளில் அரக்கு முத்திரை விழுந்தது.

அம்பலத்தாடியிடம் ஆயிரம் பொன் இருக்கிறது என்ற பேச்சு மட்டும் ஊரெல்லாம் பரவியது. ஒரு நாள் செங்கமலத்தின் தம்பி, தன் மகள் கல்யாணத்துக்கு ஐம்பது பொன் கேட்டு வந்தான்.

"இல்லை மாப்பிள்ளை" என்றான் அம்பலத்தாடி.

தம்பி முகம் வாடிப் போனான். செங்கமலம் கொதித்தாள். "ஆயிரம் பொன்னைப் பூட்டி வச்சிக்கிட்டு, அம்பது பொன் இல்லைன்னு எப்படிங்க சொல்ல வந்துச்சு? அவன் என் கூடப் பிறந்தவன்!"

"அது நம்ம பணம் இல்லடி. அதுல ஒரு பொன் குறைஞ்சாலும் இந்த வீட்டுக் கதவுலயும் முத்திரை விழும்."

அவள் நம்பவில்லை. ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். ஊரையே சிரிக்க வைக்கிறவன் தன் வீட்டில் ஒரு சொல்லுக்காகக் காத்துக் கிடந்தான். எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று இரண்டு முறை வலது ஜன்னல்வரை போனான். இரண்டு முறையும் திரும்பி வந்தான்.

ஆடி மாதம் வந்தது. இவன் மட்டும் இன்னும் தவணை தவறவில்லையே என்று கனகசபாபதிக்கு உறுத்தியது. மன்னரிடம் போனார். "எல்லைக் கோட்டை வீரர்கள் மனம் சோர்ந்திருக்கிறார்கள். நம் விகடகவி நாற்பது நாள் அங்கே இருந்து வரட்டும்" என்றார். மன்னரும் தலையாட்டினார். அம்பலத்தாடி மூட்டை கட்டினான். பௌர்ணமி வந்து போயிற்று.

மறுநாள் காலை அரக்கும் முத்திரையுமாக இரண்டு சேவகர்களைக் கூட்டிக்கொண்டு கனகசபாபதி அவன் வீட்டு வாசலில் நின்றார்.

"அம்மா, நேற்றுத் தவணை நாள். உங்கள் கணவர் ஊரில் இல்லை. சாமான்களை வெளியே எடுங்கள்."

 செங்கமலம் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். "அவர் கட்டலைன்னு பேரேட்டுல பாத்தீங்களா?"

"இல்லாதவர் எப்படிக் கட்டுவார்?"

"பாத்துட்டு வாங்க. அது வரைக்கும் என் படியை யாரும் தாண்ட முடியாது."

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டதால் வேறு வழியில்லாமல் கனகசபாபதி பேரேட்டை வரவழைத்தார். நேற்றைய தேதியில் 'அம்பலத்தாடி, தவணை பத்துப் பொன், வரவு' என்று இருந்தது. கொண்டுவந்து கட்டியவர்: வலது ஜன்னல் கணக்கர் நல்லதம்பி. கொடுத்தது யார் என்று தேடிப்போனால், பால வைப்பின் வட்டி. ஏடுகளைப் புரட்டப் புரட்ட அவருக்கு விஷயம் விளங்கியது. தான் கொடுத்த ஆயிரம் பொன் ஆறு மாதமாகப் பக்கத்து அறையிலேயே குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது! தனக்கு உரிய தவணையை அந்தக் குட்டிகளே கட்டிக்கொண்டிருக்கின்றன!

அவர் ஏட்டை மூடிவிட்டுச் சேவகர்களோடு திரும்பிப் போனார். செங்கமலம் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாற்பது நாள் முடிந்து கணவன் கோட்டையிலிருந்து திரும்பியபோது வாசலிலேயே நின்று, "அன்னைக்கே எனக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவனுக்கும்தான்.

கனகசபாபதி கடைசி நாளுக்காகக் காத்திருந்தார்.

தைப் பௌர்ணமி வந்தது. விடிந்ததும் நல்லதம்பி பன்னிரண்டாவது தவணையைக் கட்டினார். ஆயிரத்தில் நூற்றிருபது தீர்ந்தது, பாக்கி எண்ணூற்றெண்பது. அடுத்த நாழிகையே கனகசபாபதி, "பாலத்து வேலையாட்களை எண்ணிக்கொண்டு வா" என்று நல்லதம்பியை ஆற்றங்கரைக்கு விரட்டினார். வலது ஜன்னலைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இடது ஜன்னலில் தானே உட்கார்ந்தார்.

அம்பலத்தாடியும் செங்கமலமும் வந்தபோது பூட்டுத்தான் தொங்கியது.

"கணக்கர் நாளைக்குத்தான் வருவார்" என்றார் கனகசபாபதி. "வைப்பை நாளை வாங்கிக்கொள். ஆனால் என் எண்ணூற்றெண்பது பொன் இன்று பொழுது சாய்வதற்குள் வர வேண்டும்."

வெயில் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறியது.  பூட்டிய ஜன்னலுக்குள் பொன் இருக்கிறது. கையில் இருப்பது ஓலை. அம்பலத்தாடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சட்டென்று இடது ஜன்னலுக்கு நடந்து, ஓலையை உள்ளே நீட்டினான்.

"ஆயிரம் பொன். என் கடன் எண்ணூற்றெண்பதை எடுத்துக்கொண்டு மீதி நூற்றிருபதைக் கொடுங்கள்."

"விளையாடுகிறாயா? பொன் கொண்டு வா!"

"இதுதான் பொன். முத்திரைக்கு மேலே இருப்பதைச் சத்தமாக வாசியுங்கள்."

கனகசபாபதி வாசிக்கவில்லை. பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்துச் செங்கமலம் குரலை உயர்த்தினாள்: "இந்த ஓலை பொன்னுக்குச் சமம்னு மகாராஜா எழுதியிருக்காரு. அது இல்லைன்னு பண்டாரத் தலைவர் சொல்றாரு!"

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அங்கே வைப்பு வைத்திருந்தவர்கள் பாதிப்பேர். 'மறுக்கலாகாது' என்ற சொல் கனகசபாபதியின் கண்ணெதிரே நின்றது. மறுத்தால் ராஜத்துரோகம். நூற்றிருபது பொன்னை எண்ணி வைத்து, கடன் ஓலையைக் கிழித்துக் கொடுத்தார். சூரியன் அப்போதும் கோட்டைச் சுவருக்கு மேலே ஒரு முழம் இருந்தது.

மறுநாள் பிறந்தநாள் சபையில் அம்பலத்தாடி கிளிப்பச்சைப் பட்டும் சிவப்புக்கல் கடுக்கனுமாக வந்து நின்றான். பலர் அவனை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை.

"மகாராஜா, மோசடி!" என்று கத்தினார் கனகசபாபதி. "இவன் அணிந்திருப்பது பிறர் பணத்தில் வாங்கியது!"

"பதில் சொல்" என்றார் மன்னர்.

"மகாராஜா, இடது ஜன்னலில் ஆயிரம் பொன் வட்டியில்லாமல் கடன் பெற்றேன். வலது ஜன்னலில் அதை வட்டிக்கு வைத்தேன். வாங்கிய ஆயிரத்தையும் தீர்த்துவிட்டேன். என் பானையில் இருந்ததைத் தொடவில்லை, சம்பளத்தையும் தொடவில்லை. பாலத்துக்குப் பணம் தந்ததற்காகத் தாங்கள் அளித்த வட்டி நூற்றிருபது பொன். அதில் வாங்கியதுதான் இவை."

மன்னர் விரல் விட்டு எண்ணினார். புருவம் நெரிந்தது. "அப்படியானால் அந்த நூற்றிருபது என் பணம்! நானும் உனக்குப் பிறர்தானே?"



"தரும்வரை தங்கள் பணம், மகாராஜா. தந்த பிறகு என் பணம். என் பணத்திலும் அன்று இருந்ததையும் சம்பளத்தையும்தான் தாங்கள் தடுத்தீர்கள். அன்றைக்கு இந்தப் பணம் பிறக்கவே இல்லையே!"

மன்னர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் பொன்னை என்னிடமே கடன் வாங்கி, என்னிடமே கொடுத்து வைத்து, என்னிடமே வட்டி வாங்கி, அதில் பட்டு வாங்கி என் முன்னாலேயே வந்து நிற்கிறாயா!" என்றவருக்கு வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிக் காதில் மாட்டிக்கொண்டது. சபையே சிரித்தது, ஒருவரைத் தவிர.

"கனகசபாபதி, ஒரு ஜன்னலில் சும்மா கொடுத்து, அடுத்த ஜன்னலில் அதற்கே வட்டி கொடுத்தவர் நீர்தானே?" என்றார் மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்றிலிருந்து வலது ஜன்னலில் நீர் உட்காரும். நல்லதம்பி பண்டாரத் தலைவராக இருக்கட்டும். அம்பலத்தாடி, உனக்கு ஆயிரம் பொன் பரிசு. வேறு என்ன வேண்டும், கேள்."

"இந்தச் சபையில் பதினாறு பேருக்கு இன்று வீடில்லை, மகாராஜா. அபராத வட்டியைத் தள்ளி, அசலை மட்டும் மெதுவாகக் கட்ட விடுங்கள்."

மன்னர் அந்தக் கணமே அப்படியே ஆணையிட்டார். சேனாதிபதி மோதிரக் கையால் கண்ணைத் துடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அம்பலத்தாடி வீட்டுக்குப் போய், பரிசுப் பொன்னில் ஐம்பதை எண்ணி மைத்துனனுக்கு அனுப்பிவிட்டுத்தான் பட்டைக் களைந்தான்.

மன்னரோ மதியச் சாப்பாட்டின்போது ராணியிடம் இதைச் சொல்லத் தொடங்கி, 'வலது ஜன்னல்' என்ற இடம் வந்ததும் சிரிப்பு அடக்க முடியாமல், மீதியைச் சொல்ல அம்பலத்தாடியையே அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினாராம்.