துணி போட்டுப் பார்த்த நாடகம்

இசக்கியம்மாள் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மடத்துக்கு வருஷப் புளி வந்து இறங்கியிருந்தது. பழத்தை எடுத்து, நார் உருவி, அரிவாள்மணையில் கீறி, கொட்டையைத் தள்ளிவிட்டுக் கூடையில் போட வேண்டும். கை அதுபாட்டுக்குச் செய்தது. கண்தான் மூடி மூடித் திறந்தது.

பிள்ளை கூடத்துத் தூளியில் கிடந்தான். அவன் பிறந்ததிலிருந்து அவள் ஒரு ராத்திரிகூட முழுசாய்த் தூங்கவில்லை. புருஷன் லாரியோடு வடக்கே போனவன். வந்தால் வந்தான். அவள் மடத்திலேயே தங்கி, சமையலுக்குக் கூட நின்று, மடத்தை நடத்தும் குருவம்மாவிடம் நாலு நல்ல வார்த்தை கேட்டுக் காலம் தள்ளினாள். யாராவது ஒரு ராத்திரி பிள்ளையை வாங்கிக்கொண்டால் போதும் என்றிருந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. கேட்டால் என்ன தாய் இவள் என்று நினைப்பார்களே.

குருவம்மா வயசில் ரொம்பப் பெரியவள் இல்லை. இசக்கியைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். எதிரே உட்கார்ந்து அவளும் புளி உடைத்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஏழு மணி நாடகத்துல அந்தச் சுகந்திய எதுக்கு வச்சிருக்காங்க?"

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்கார மாடத்தி சிரித்துவிட்டாள்.

"ஞானம் கேக்க வந்தவ கேக்கிற கேள்வியப் பாருங்கம்மா."

"நீங்க சும்மா இருங்கக்கா" என்றாள் இசக்கி. குரல் தாழ்ந்துவிட்டது. "நாள் பூரா நின்னுட்டு அரை மணி நேரம் உக்காருதோம். அப்பவும் அவ மொகத்தயா பாக்கணும்? அவ வந்தாலே பாக்கிற சந்தோஷம் போயிருது. மங்கை எவ்வளவு நல்லவ. அவள மட்டும் காட்டினா ஆகாதா?"

"சுகந்தி என்ன செய்யுதா?"

இசக்கி அடுத்த பழத்தை எடுத்தாள். மாடத்திதான் சொன்னாள்.

"என்ன செய்யலைன்னு கேளுங்க. பெத்த பிள்ளை கத்துது. தூக்கி மாமியா கையில குடுத்துட்டு, எனக்கு ஒறக்கம் வருதுன்னு கதவச் சாத்திக்கிடுதா. மங்கை அவளுக்கு நாத்தனா. கல்யாணமாகாத பிள்ளை. அதுதான் எல்லாத்தயும் செய்யுது. டிவிக்குள்ள கைய விட்டு அவள நாலு அறை அறையணும் எனக்கு."

"பிடிக்காதவ வந்தா ஒனக்கும் சந்தோஷம் போயிருதா மாடத்தி?"

"எனக்கா? அவளத் திட்டலைன்னா எனக்குச் சோறு எறங்காதும்மா."

குருவம்மா சிரித்தாள். இசக்கி சிரிக்கவில்லை.

"டிவிக்கு ஒரு காவித் துணி இருக்குல்லா?" என்றாள் குருவம்மா. "சுகந்தி வாரப்போ அதப் போட்டுரு."

கோயில் விசேஷம் பார்க்கட்டும் என்று ஒரு பக்தர் கொடுத்த டிவி அது. பார்க்காத நேரத்தில் தூசி படாமல் துணி போட்டு வைப்பது மடத்துப் பழக்கம். குருவம்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று மாடத்தி நினைத்தாள். இசக்கி அப்படி நினைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மடத்துப் பெண்கள் எல்லாம் நாடகம் பார்க்க உட்கார்ந்தபோது, இசக்கி துணியைக் கையில் பிடித்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்திலேயே நின்றாள். சுகந்தியின் முந்தானை தெரிந்ததுமே துணி விழுந்தது. சத்தத்தையும் அடைத்துவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போவும், வெலகு!" என்று மாடத்தி கத்தினாள்.

"அவ போகட்டும்க்கா."

"அவ போயிட்டாளான்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

இசக்கி துணியின் மூலையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள். சுகந்தி போகவில்லை. துணியை விட்டாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்கிப் பார்த்தாள். அவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து என்னமோ சொல்லிக்கொண்டிருந்தாள். இசக்கி துணிக்குள் தலையை நுழைத்தபடி நின்றாள்.

அந்த அரை மணி நேரத்தில் மற்ற பெண்கள் யாரும் சுகந்தியைப் பார்க்கவில்லை. இசக்கி மட்டும்தான் பார்த்தாள்.

மறுநாளும் புளி முடியவில்லை. குருவம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நேத்து நான் பாக்கல. கதையச் சொல்லு இசக்கி."

இசக்கிக்கு நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. புளியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மங்கை எந்திச்சா. கோலம் போட்டா. காப்பி போட்டா. பிள்ளை அழுதுச்சு. மங்கை தூக்கினா."

"யாரு பிள்ளை?"

"பிள்ளை... அந்த வீட்டுப் பிள்ளை."

"மங்கைக்குக் கல்யாணமே ஆகலைன்னீங்களே."

மாடத்தி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"பெறகு?"

"பெறகு மங்கை அழுதா."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

"அவளுக்கென்ன கிறுக்கா, சும்மா அழுகதுக்கு?" என்றாள் மாடத்தி. "நல்லா இருந்த நாடகத்த இவ துணி போட்டுக் கொன்னுட்டாம்மா. நேத்து எனக்கு யாரத் திட்டன்னே தெரியல. சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்." சொல்லிவிட்டு, உரித்த வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவள் கூடத்துப் பக்கம் போன பிறகுதான் குருவம்மா கேட்டாள்.

"நேத்து சந்தோஷமாப் பாத்தியா?"

"இல்லம்மா. நின்னுக்கிட்டே ஒறக்கம் வந்துச்சு."

"அவ இல்லாமயுமா சந்தோஷம் வரல?"

இசக்கி நார் உருவினாள். உருவ நார் இல்லாத பழம் அது.

"சரி, மங்கை கதை போதும். நேத்து ராத்திரி நீ என்ன செஞ்ச? அதச் சொல்லு."

"அதுல சொல்ல என்னம்மா இருக்கு? பிள்ளை அழுதான். தூக்கினேன். பாட்டுப் படிச்சேன். ஒறங்கினான். படுத்தேன். மறுபடி அழுதான். தூக்கினேன். விடிஞ்சிட்டு."

"அசதியா இருந்துச்சா?"

"பெத்த பிள்ளையத் தூக்கதுக்கு என்னம்மா அசதி."

"சலிப்பு?"

"சே சே."

"கோவம்?"

"பச்சப்பிள்ளை மேல யாருக்காவது கோவம் வருமாம்மா?"

குருவம்மா ஒரு பழத்தைக் கீறினாள். கொட்டை விழுந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "இது யாரு கதை? மங்கையோடதா?"

இசக்கியின் கை நின்றுவிட்டது. அரிவாள்மணைக்கு மேலே பழம் அப்படியே இருந்தது. அடுப்பில் உலை கொதித்தது. போய் மூடியை விலக்க வேண்டும் என்று தெரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. குருவம்மாவே போய் மூடியை விலக்கிவிட்டு வந்தாள். அவசரப்படுத்தவில்லை. எதிரே உட்கார்ந்து அடுத்த பழத்தை எடுத்தாள்.

"அம்மா" என்றாள் இசக்கி.

"ம்."

"அவ அந்தக் கட்டில்ல உக்காந்து ஒண்ணு சொன்னா. சத்தத்த அடைச்சிருந்தேன். ஆனா எனக்குத் தெரியும், அவ என்ன சொன்னான்னு."

"ம்."

"அம்மா, ராத்திரி அவன் அழுதுக்கிட்டே இருக்கும்போது, எனக்கு அவன அங்ஙனயே போட்டுட்டு எந்திச்சு..."

"ஏட்டி இசக்கி!" கூடத்திலிருந்து மாடத்தி கூப்பிட்டாள். "ஒம் பிள்ளை முழிச்சிட்டான். வா!"

இசக்கி சட்டென்று வாயை மூடினாள். கையைத் தரையில் ஊன்றி எழப் போனாள்.

குருவம்மா அவளுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ இரு. நான் தூக்குதேன். விட்ட எடத்த மறந்துராத."