பல்லக்கில் தொங்கிய தூளிகள்

முன்னொரு காலத்தில் சாலியூர் நாட்டைத் தென்னவராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை. ஒருநாள் உப்பரிகையில் நின்றவனுக்கு, அங்கிருந்தே கடைவீதியின் கோடிவரை தெரிய வேண்டும் என்று தோன்றியது. கட்டடப் பொறுப்பாளர் விசயபாலர் உடனே வீதியோரப் புங்கமரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார்.

அந்தக் கிளைகளில்தான் கடைபோடும் பெண்கள் தூளி கட்டிப் பிள்ளைகளைத் தூங்கவைப்பார்கள். மரம் போனதும் பிள்ளைகள் வீதியில் தவழ்ந்தன. தேர் போகும் வழியில் குழந்தைகளா என்று, கைக்குழந்தைக்காரிகள் இனிக் கடை போடவே கூடாதென ராஜாவிடம் உத்தரவும் வாங்கிவிட்டார் விசயபாலர்.

பூ விற்றால்தான் சிறுமாயி வீட்டில் உலை கொதிக்கும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மந்திரி கூத்தபிரானிடம் வந்து நின்றாள். “இவனை எங்க விட்டுட்டுப் பூ விக்கிறது சாமி?”

மந்திரி சபையில் பேச்செடுத்தார். விசயபாலர் சிரித்தார். “மந்திரியாருக்கு ராஜ்ய காரியமெல்லாம் தீர்ந்து, தாலாட்டுக்கு வந்துவிட்டார் போல.”

ராஜாவும் சிரித்தான். “நாளை அந்த வீதியில் முதல் பவனி. அது முடிவதற்குள் என் உத்தரவை நானே மாற்றினால் நீர் ஜெயித்தீர். இல்லாவிட்டால் உம் முத்திரை மோதிரம் விசயபாலருக்கு.”

மந்திரி ஒன்றுதான் கேட்டார். நடுவீதியில் விசயபாலர், ராஜாவைப் புகழ்ந்து தாம் எழுதிய நீண்ட வாழ்த்துப்பாவை ஓர் அடி விடாமல் படிக்க வேண்டும். விசயபாலர் குளிர்ந்துபோனார்.

மறுநாள் ராஜா ஏறிய பல்லக்கு நடுவீதிக்கு வந்தது. சுமப்பவர்கள் அதன் தண்டைக் நுனி பிளந்த கவைக்கோல்களில் தாங்கவைத்து ஒதுங்கினார்கள். விசயபாலர் ஓலையை விரித்தார். மந்திரி சொல்லிவைத்தபடி சிறுமாயி ராஜாவின் அருகில் வந்தாள்.

“ஊரில வேற கிளை இல்ல மகராசா. நீங்க நிக்கிறவரைக்கும் இந்தத் தண்டுல தூளி கட்டிக்கட்டுமா?”

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. சரி என்றான். அவளைப் பார்த்து இன்னும் மூன்று பேர் வந்தார்கள். பல்லக்கின் முன்னும் பின்னும் தூளிகள் ஆடின. ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்த வாழ்த்துப்பாவில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கண் அசந்தன.

பாட்டு முடிந்தது. “கிளம்பலாமா?” என்று மந்திரி ராஜாவின் காதில் கேட்டார். “இப்போதுதான் தூங்கின.”

தூளிக்கு வெளியே ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. ராஜா அதைப் பார்த்தான். தலைக்கு மேல் வெயில் ஏறியது. விசயபாலர் பொறுமையிழந்து, “ராஜாதிராஜனே” என்று உரக்க ஆரம்பித்தார். பாதம் உதைத்தது, அழுகை கேட்டது. ராஜா கால் கட்டைவிரலால் தூளியை மெல்ல ஆட்டிக்கொண்டே, “மெதுவாய்ப் பேசும், ஓய்” என்று பல்லைக் கடித்தான்.

பிறகு திருடனைப்போல் பல்லக்கிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி அரண்மனைக்கு நடந்தான். ஒதுங்க ஒரு நிழல் இல்லை. அந்த நேரான வீதி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. பாதி வழியிலேயே நின்றுவிட்டான்.

“உத்தரவை மாற்றுகிறேன். இருபுறமும் புங்கங்கன்று நடுங்கள். அது வளரும்வரை, தூளி கட்ட உத்தரம் வைத்துக் கடைகளுக்கு நடுவே பந்தல் போடுங்கள். தேர் இனிச் சுற்றிப் போகட்டும்.”

தன் முத்துமாலையை மந்திரியின் கழுத்தில் போட்டுவிட்டு விசயபாலரிடம் திரும்பினான்.

“உம் பாட்டால் இதுவரை ஒருவருக்கும் பயன் இருந்ததில்லை. இன்று நாலு பிள்ளைகள் தூங்கின. தினமும் பந்தலுக்கு வந்து படியும்.”

பந்தல் வந்தது, சிறுமாயி கடை போட்டாள், கன்றுகளும் தழைத்தன. பல்லக்கு மட்டும் அரண்மனைக்குத் திரும்பவே இல்லை. யாராவது கேட்டால் ராஜா குரலைத் தாழ்த்திச் சொல்வானாம்: “இன்னும் யாரோ தூங்குகிறார்கள்.”