நகராத வெள்ளைத் திட்டு

"டீச்சர், மூணு கோளாறைச் சரி பண்ணிட்டேன். நாலாவது மட்டும் போக மாட்டேங்குது."

வந்தவரை உட்காரக்கூட விடாமல் சவரிமுத்து முறையிட்டார்.

டீச்சர் தோள்பையை இறக்கி வைத்தார். இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் ரஹ்மத் நிஷா. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சவரிமுத்து மலையடிவாரத்து தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பவர். நிஷா அதே தர்மஸ்தாபனத்தின் ஐந்து ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் பார்ப்பவர். பதினைந்து நாளைக்கு ஒரு தடவைதான் இந்தப் பக்கம் வருவார். நடுவில் எது படுத்தாலும் நோயாளிகள் பெஞ்சில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சவரிமுத்து ஒரு நாள் நோட்டும் கையுமாக அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கும் கத்துக்குடுங்க."

அன்றிலிருந்து அவர் டீச்சர். இவர் அண்ணன்.

நல்ல சீடர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னதை எழுதிக்கொள்வார். எழுதியதைச் செய்வார். நோட்டுக்கு அட்டை போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பெயரும் எழுதி வைத்திருந்தார்.

"முதல்ல டீயைக் குடிங்க," என்றார்.

டீச்சர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலக்காய் மணக்குதே?"

"ஒரு அம்மா குடுத்தது. மலைமேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போறவங்க. இருமலோட வந்தாங்க. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க, ஒரே ரூம் வீடு. 'நான் இருமினா அதுகளும் தூங்கறதில்ல சார்'னு ரொம்பப் பயந்துபோயி நின்னாங்க. போறப்ப சிரிச்சுக்கிட்டே ஒரு கை ஏலக்காய அள்ளி மேசையில வச்சிட்டுப் போனாங்க."

"எதுக்குச் சிரிச்சாங்க?"

"அதுக்குத்தான் வர்றேன் டீச்சர்."

நோட்டைப் பிரித்தார்.

ஒன்பது நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏறியது. யாரும் ஏற்றவில்லை. அதுவே ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுபடி திறந்தபோது திரை திரையாக இல்லை.

"ஒண்ணு, ஸ்கிரீன் நடுங்குச்சு. ஸ்கிரீனுக்கான டிரைவர் சாஃப்ட்வேரப் பழையதுக்கே மாத்துனேன், நின்னுருச்சு. ரெண்டு, எழுத்தெல்லாம் பூசணிக்காய் மாதிரி பெருத்துப்போச்சு. அளவைக் குறைச்சேன். மூணு, சாயங்காலம் ஆனா ஸ்கிரீன் மஞ்சக் காமாலை வந்த மாதிரி ஆயிரும். கண்ணு கூசாம இருக்கறதுக்குன்னு ஒரு வசதி தானா ஆன் ஆகியிருந்துச்சு. அணைச்சுட்டேன்."

"ஒவ்வொண்ணாவா, எல்லாத்தையும் சேர்த்தா?"

"ஒவ்வொண்ணாத்தான். ஒண்ண மாத்தி, பார்த்துட்டு, அப்புறம்தான் அடுத்தது."

டீச்சர் தலையசைத்தார்.

"நாலாவது?"

சவரிமுத்து ஒரு படத்தைத் திறந்தார். யாரோ ஒரு ஆணின் நெஞ்சு. கறுப்பில் வெள்ளையாக விலா எலும்புகள். திரையின் இடது மேல் பக்கத்தில், எக்ஸ்ரேயில் இடம் வலம் மாறித் தெரியும் என்பதால் அவருடைய வலது நுரையீரலின் உச்சியில், பால் சிந்தித் துடைத்தது போல வெளிறிய ஒரு திட்டு.

"இது அவரோடதா, ஸ்கிரீனோடதா?" என்று கேட்டார் டீச்சர்.

"ஸ்கிரீனோடது."

"எப்படிச் சொல்றீங்க?"

சவரிமுத்து மௌஸைப் பிடித்துப் படத்தைக் கொஞ்சம் கீழே இழுத்தார். நெஞ்சு இறங்கியது. திட்டு இருந்த இடத்திலேயே நின்றது.

"படத்த நகர்த்து. கூட வந்தா படத்தோடது. வராட்டி ஸ்கிரீனோடது. நீங்க சொல்லிக்குடுத்ததுதான் டீச்சர். நோட்டுல மொதப் பக்கம்."

"சரிதான்."

சீடரின் முகம் மலர்ந்தது.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அவரு வாரத்துக்கு ரெண்டு நாள்தான வர்றாரு. மொத நாளே சொல்லிட்டேன், 'அது ஸ்கிரீன் திட்டு டாக்டர், அதைக் கழிச்சுட்டுப் பாருங்க'ன்னு. கழிச்சுட்டுத்தான் பார்க்கறாரு."

"வர்றவங்க?"

"அவங்களும் எட்டிப் பார்த்துருவாங்கல்ல. 'இது என்ன சார் வெள்ளையா'ன்னு கேப்பாங்க. 'அது உங்களோடது இல்லம்மா, எங்களோடது'ன்னு சொல்லுவேன். அப்படியே முகம் தெளிஞ்சிரும். அந்த ஏலக்காய் அம்மாவும் அப்படித்தான். ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் சொன்னேன்."

பயந்து வந்த மனிதரைச் சிரிக்க வைத்து அனுப்புவது பெரிய காரியம். அதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

டீச்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒன்பது நாள்ல நெஞ்சுப் படம் மட்டும் எத்தனை அண்ணே?"

"அறுபத்தொன்பது."

"எத்தனைய நகர்த்திப் பார்த்தீங்க?"

"மொதப் படத்த. அதுலயே தெரிஞ்சு போச்சே."

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கம்ப்யூட்டர் திறக்கும்போதே கூட ஓடத் தொடங்குகிற புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தார். ஒன்றை மூடினார். திட்டு இருந்தது. இன்னொன்றை மூடினார். இருந்தது. ஏழாவதை மூடியதும் திட்டு காணாமல் போனது.

"என்ன டீச்சர் அது?"

"பழைய பிரின்டரோட அறிவிப்புப் பெட்டி. 'பேப்பர் தீர்ந்துருச்சு, மை தீர்ந்துருச்சு'ன்னு மூலையில வருமே, அது. புது சிஸ்டத்துல எழுத்து வரலை. பெட்டி மட்டும் வந்து நிக்குது."

பிரின்டர் பழசாகித் தூக்கிப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. படத்தை அச்சடித்துக் கொடுப்பதும் அன்றோடு நின்றது. எல்லோரும் இந்த ஒரே திரையில்தான் பார்க்க வேண்டும்.

"மாதாவே!" என்று சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். "செத்தும் விடலை பாருங்க அந்தச் சனியன். நல்லவேளை, போயிருச்சு."

நோட்டில் எழுதக் குனிந்தார்.

"அப்புறம் எழுதலாம்," என்றார் டீச்சர். "அறுபத்தொன்பதையும் திறங்க."

"எதுக்கு டீச்சர்? அதான் போயிருச்சே."

டீச்சர் டீயைக் குடித்தார்.

குரு பதில் சொல்லாவிட்டால் செய்துவிட வேண்டும் என்பது சீடருக்குத் தெரியும். முதல் படத்தைத் திறந்தார்.

"சுத்தம்."

இரண்டாவது.

"சுத்தம்."

பத்துக்கு மேல் வேகம் வந்துவிட்டது. திறப்பதும் மூடுவதும் சுத்தம் என்பதும் ஒரே மூச்சாகப் போய்க்கொண்டிருந்தது. முப்பதைத் தாண்டியபோது வேறு பேச்சுகூடப் பேசினார். மருமகன் ஊர் மாற்றலாகிப் போகிற விஷயம்.

நாற்பத்து மூன்றாவதைத் திறந்தார்.

"ஐயோ, டீச்சர். திரும்ப வந்திருச்சு!"

இடது மேல் பக்கம். அதே இடம். அதே வெளுப்பு.

"ஒரு தடவ அணைச்சுப் போட்டா போயிரும்," என்று சவரிமுத்து கம்ப்யூட்டரின் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

"கைய எடுங்கண்ணே."

எடுத்தார்.

"நகர்த்துங்க."

சவரிமுத்து மௌஸைப் பிடித்தார். படத்தைக் கீழே இழுத்தார்.

விலா எலும்புகள் இறங்கின.

திட்டும் இறங்கியது.

மேலே கொண்டுபோனார். கூடவே வந்தது. வலது பக்கம் இழுத்தார். வந்தது. திரையின் ஓரம் வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த நெஞ்சை விட்டு அது பிரியவே இல்லை.



படத்தின் மூலையில் பெயர் இருந்தது. பேச்சியம்மாள், வயது 41.

"யாருண்ணே?"

சவரிமுத்து, டீச்சர் கையிலிருந்த டம்ளரை விரல் நீட்டிக் காட்டினார்.

டீச்சர் டம்ளரை மேசையில் வைத்தார். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை.

சவரிமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அன்னைக்கே கொஞ்சம் கூடுதலா வெளுப்பாத்தான் தெரிஞ்சுச்சு டீச்சர். பார்த்தேன். கண்ணுல பட்டுச்சு. ஆனா அதான் ஸ்கிரீன் திட்டுன்னு தெரியுமேன்னு..."



டீச்சர் படத்தைச் செல்போனில் எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். நாலே நிமிஷத்தில் டாக்டர் கூப்பிட்டார். டிபி மாதிரி இருக்கிறது, சளியைப் பரிசோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும், நாளைக் காலையிலேயே வரச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வரச் சொல்லுங்கள் என்றார். மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிற வியாதிதான், ஆனால் இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்றார். பிறகு, "கழிச்சுட்டுப் பார்த்தேன்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஒரே அறை. இரண்டு பெண்பிள்ளைகள். பதினாலு பேர் இடித்துக்கொண்டு உட்காரும் ஜீப், காலையில் ஏற, சாயங்காலம் இறங்க. சவரிமுத்து மனசுக்குள் ஒவ்வொன்றையும் அந்த அம்மா வந்துபோன பிறகு கழிந்த நாட்களால் பெருக்கிப் பார்த்தார்.

"நான் சொன்னது தப்பா டீச்சர்?"

"இல்லண்ணே. சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம்?"

"ஸ்கிரீனப் பத்தி மட்டும்."

சவரிமுத்து எழுந்துவிட்டார். சட்டைப் பையில் பைக் சாவியைத் தேடினார்.

"உட்காருங்க," என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர், நான் போய் அவங்கள..."

"இன்னும் இருபத்தாறு படம் இருக்கு. அதுக்கு முன்னாடி சுத்தம்னு சொன்னதும் நாப்பத்திரண்டு இருக்கு."

உட்கார்ந்தார்.

இந்தத் தடவை சுத்தம் என்று சொல்லவில்லை. மருமகன் பேச்சும் இல்லை. ஒவ்வொரு படமாகத் திறந்தார். பெயரைப் படித்தார். மேலே நகர்த்தினார், கீழே நகர்த்தினார், அப்புறம்தான் மூடினார். சில பெயர்களைப் படிக்கும்போது அவர்கள் முகம் ஞாபகம் வந்தது. எல்லோருமே சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

வேறு எதிலும் ஒன்றும் இல்லை.

அதை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"அவங்க போன் நம்பர் சீட்டுல இருக்கு. போன்லயே சொல்லிரவா? இல்ல, டாக்டரையே பேசச் சொல்லட்டா? நான் போயி நின்னா என்னன்னு சொல்லுவேன்?"

அந்த ஐம்பத்திரண்டு வயது மனிதரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

டீச்சர் கேட்டார்.

"அவங்களோடது இல்லன்னு யார் சொன்னது?"

"நான்தான்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஜீப் எத்தனை மணிக்கு இறங்கும்?"

"அஞ்சரைக்கு. செக்போஸ்ட் வளைவுல."

மணி ஐந்தேகால்.

சவரிமுத்து நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

செக்போஸ்ட் வளைவில் பைக்கை நிறுத்திவிட்டு வெயிலில் நின்றார். என்ன சொல்வது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ஜீப் வந்தது.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூக்குச்சட்டி, தலைத்துண்டு, கையெல்லாம் ஏலக்காய்க் கறை. இறங்கியவர்களில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

அவர்தான் முதலில் பார்த்தார். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"எக்ஸ்ரே சாரு! இங்க எங்க நிக்கிறீக? டீயில போட்டுக் குடிச்சீகளா?"

"குடிச்சோம்மா."

"மிஷினு ரிப்பேரா இருக்குன்னு சொன்னீகளே, சரியாயிருச்சா?"

"சரியாயிருச்சும்மா."

"அந்த வெள்ளத் திட்டு?"

சவரிமுத்து அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எங்களோடது போயிருச்சும்மா."